சிசேரியனுக்கு முதுகு ஊசியா, முழு மயக்கமா?

குழந்தை குறுக்கே இருந்ததால் சிசேரியன்தான் என்று முன்பே சொல்லிவிட்டார்கள். மிச்சமிருந்த கேள்வி மயக்க மருந்துதான். திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும், "முதுகுல ஊசி போட்டுக்காதம்மா, ஆயுசுக்கும் இடுப்பு வலிக்கும்" என்றார்கள். எனக்கு வேறொரு பயமும் இருந்தது: முழிச்சிருக்கும்போது கத்தி படுவது தெரிந்துவிட்டால்? முழு மயக்கமே கேட்டுவிடலாம் என்றுதான் புதுச்சேரிக்குப் போனேன்.

அங்கே மயக்க டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார், முதுகெலும்பைத் தடவிப் பார்த்தார், ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்களின் ரிப்போர்ட்டை வாங்கினார். ரத்தம் உறையாமலிருக்க ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். பிளேட்லெட் ரொம்பக் குறைந்தவர்களுக்கும், ஊசி போட நேரமில்லாத அவசரத்திலும் முழு மயக்கம் தேவைப்படுமாம். மற்றபடி பெரும்பாலும் முதுகு ஊசிதான். கர்ப்பத்தில் வயிற்றில் இருப்பது சுலபமாக மேலே எதுக்களிக்கும். முழு மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போய்விடும் ஆபத்து உண்டு. தொண்டை வீங்கியிருந்தால் மூச்சு விடுவதற்கான குழாய் வைப்பதும் சிரமம்.

இடுப்பு வலியைக் கேட்டேன். ஊசி போட்ட இடம் சில நாள் நோகலாம், வருஷக்கணக்கில் இருக்கும் வலிக்கு ஊசி காரணமில்லை, ஊசியே போடாமல் பெற்றவர்களுக்கும் அது வருகிறது என்றார். கூட வந்திருந்த மாமியார் அதற்கப்புறம் எதுவும் சொல்லவில்லை.

"அறுக்கும்போது வலிச்சா, மேடம்?"

"மரத்துப் போச்சான்னு பார்த்துட்டுதான் தொடுவோம். அப்பவும் வலிச்சா உடனே சொல்லும்மா, முழு மயக்கம் கொடுத்துடலாம்."

அதைக் கேட்டபிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. முதுகு ஊசிக்கே சரி சொன்னேன்.

ஆபரேஷனுக்கு 6 மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்தினார்கள். தண்ணீர் மட்டும் 2 மணி நேரம் முன்புவரை. தியேட்டரில் தலையணையைக் கட்டிக்கொண்டு, தாடையை நெஞ்சில் வைத்து முதுகை வளைத்து உட்காரச் சொன்னார்கள். சிஸ்டர் தோளைப் பிடித்துக்கொண்டார். முதலில் போட்ட மரத்துப்போகும் ஊசி எறும்புக் கடி மாதிரி சுருக்கென்றது. அடுத்த ஊசியில் ஓர் அழுத்தம், அவ்வளவுதான். கால் முழுக்கச் சூடு பரவி, சில நிமிடத்தில் கட்டைவிரலைக்கூட அசைக்க முடியவில்லை. ஸ்பிரிட் பஞ்சைக் கையில் வைத்தால் ஜில்லென்றது, வயிற்றில் வைத்தால் தெரியவேயில்லை.

கொஞ்ச நேரத்தில் குமட்டியது. பிரஷர் இறங்கியிருந்தது, சொன்னதும் டிரிப்ஸில் மருந்து போட்டுச் சரிசெய்தார்கள். வலி இல்லை. ஆனால் வயிற்றைப் பிடித்து இழுப்பதும் அழுத்துவதும் நன்றாகவே தெரியும். இதை எனக்கு முன்கூட்டி யாரும் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன். அப்புறம் துணித் திரைக்கு அந்தப் பக்கம் என் மகள் அழுதாள். நானும் அழுதேன்.

பிறகு உடம்பு வெடவெடவென்று நடுங்கியது, போர்வை போட்டார்கள், தானாக நின்றது. மரத்தது விடுவதற்குள்ளேயே வலி மருந்தைக் கேட்டுவிடுங்கள். உட்கார்ந்தால் கூடி, படுத்தால் குறையும் தலைவலி சிலருக்கு வரும்; இப்போது மெல்லிய ஊசி என்பதால் குறைவுதான். வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதீர்கள். மயக்க டாக்டரைக் கூப்பிடச் சொல்லுங்கள், அதற்கும் வைத்தியம் இருக்கிறது.