சேர்வராயன் மலைப் பனியில் மூன்று ஹெட்லேம்ப்கள்

மார்கழியில் ஏற்காடு போவதென்றால் பலரும் ஏரியையும் லேடீஸ் சீட்டையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். எனக்குப் பிடித்தது விடிவதற்கு முன் சேர்வராயன் கோயிலுக்கு நடந்தே ஏறுவது. இந்த முறை மச்சானும் வந்தான். எங்கள் பையில் நெற்றியில் கட்டிக்கொள்ளும், சார்ஜ் ஏற்றும் ஹெட்லேம்ப்கள் மூன்று இருந்தன. மலைக்கு எது சரிப்படும் என்று பார்த்துவிடுவதாகத் திட்டம்.

ஒன்று பெட்ஸல் ஆக்டிக் கோர். அதிகபட்ச வெளிச்சம் 600 லூமென் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). அதன் பேட்டரியைக் கழற்றிவிட்டு மூன்று டிரிபிள்-ஏ செல்களும் போடலாம். அடுத்தது நைட்கோர் என்யு25, 400 லூமென். கையில் வைத்தால் எடையே தெரியாது, ஆனால் பேட்டரி உள்ளேயே அடைக்கப்பட்டது. மூன்றாவது மச்சான் கடைவீதியில் வாங்கியது. அட்டையில் பல ஆயிரம் லூமென் என்று போட்டிருந்தார்கள்.

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி, இரவு அறைக்கு வந்ததுமே அந்த மூன்றாவது விளக்கு சிக்கலைத் தொடங்கியது. போன் சார்ஜரின் சி-டு-சி கேபிளில் (இரு முனையிலும் யுஎஸ்பி-சி உள்ளது) அது சார்ஜ் ஏறவில்லை. விளக்கின் சி போர்ட்டில் 5.1 கிலோ ஓம் மின்தடை இரண்டு இருக்க வேண்டும். அவற்றைப் பார்த்துத்தான் சார்ஜர் மின்சாரம் அனுப்பும். விலை குறைந்த விளக்குகள் பலவற்றில் அவற்றை வைப்பதில்லை. பழைய யுஎஸ்பி-ஏ கேபிளைக் கேட்டு வாங்கி மாட்டியதும் ஏறியது. புதிதாக வாங்குகிறவர்கள் கடையிலேயே சி-டு-சி மாட்டிப் பாருங்கள்.

அதிகாலை ஏரியைத் தாண்டும்போதே நல்ல மூடுபனி. மூன்றையும் முழு வெளிச்சத்தில் எரியவிட்டோம். மூன்றிலும் கண்ணுக்கு முன்னால் வெள்ளைச் சுவர்தான். விளக்கு நெற்றியில், கண்ணுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் பனித்துளிகளில் பட்ட ஒளி நேராகக் கண்ணுக்கே திரும்புகிறது. லூமென் கூடக் கூடப் பார்வை குறைகிறது. விளக்கைக் கழற்றி இடுப்பு உயரத்தில் பிடித்து, வெளிச்சத்தையும் குறைத்ததும் ரோட்டின் பள்ளம் மேடெல்லாம் நிழலோடு தெளிவாகத் தெரிந்தன. ஏற்காட்டுப் பனியில் 600 லூமென் தேவையே இல்லை. குறைந்த வெளிச்சம் சீராக நின்று எரிய வேண்டும், அவ்வளவுதான்.

அட்டையில் போடும் மணிக்கணக்கையும் இங்கேதான் கவனிக்க வேண்டும். எஃப்எல்-1 என்ற அளவீட்டு முறையில், தொடக்க வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை எரியும் நேரத்தைக் கணக்கிடுகிறார்கள். 400 லூமென் விளக்கு 40 லூமெனுக்கு இறங்கிய பிறகுதான் கணக்கு முடிகிறது. அதனால் நான் நடுத்தர நிலையின் எண்ணைத்தான் பார்ப்பேன். மச்சானின் விளக்கு பாதி வழியிலேயே மங்கி, எந்த எச்சரிக்கையும் காட்டாமல் அணைந்துவிட்டது. மற்ற இரண்டும் கோயில் வரை நின்றன.

தூரத்துக்கு அடிக்கும் ஒளியே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். பனி விலகிய ஒரு திருப்பத்தில், காப்பித் தோட்ட ஓரம் இரண்டு கண்கள் மின்னின. காட்டெருமை. எதிரே வந்த தோட்டத் தொழிலாளி ஒருவர், "லைட்ட மூஞ்சில அடிக்காதீங்க தம்பி, அப்படியே நில்லுங்க" என்றார். கீழே திருப்பிக்கொண்டு நின்றோம். அது மெதுவாகச் சில்வர் ஓக் மரங்களுக்குள் போனது. அந்தக் கண்களைத் தொலைவிலேயே காட்டியது ஆக்டிக் கோரின் குவிந்த ஒளி. அதற்காகவே அதை எனக்குப் பிடித்துவிட்டது.

5300 அடிக்கு மேல் இருக்கும் கோயில் மைதானத்தில் ஹெட்லேம்பிலேயே இருக்கும் சிவப்பு விளக்கு உதவியது. இருட்டுக்குப் பழகிய கண்ணை அது அதிகம் கெடுப்பதில்லை. வெள்ளை வெளிச்சம் பட்டால் பழையபடி பழக அரைமணி நேரம்கூட ஆகலாம்.

இமயமலைப் பயணிகள் குளிரில் பேட்டரி இறங்குவதைப் பற்றிக் கவலைப்படுவார்கள். நமக்கு அந்தக் குளிர் கிடையாது, ஈரம்தான் எதிரி. நீரைத் தாங்கும் திறனுக்கு ஐபி என்ற தரக் குறியீடு உண்டு. ஆக்டிக் கோர் ஐபிஎக்ஸ்4, தெறிக்கும் நீரைத் தாங்கும். என்யு25 ஐபி66, மழைக்கு இன்னும் தைரியமாகப் போடலாம். சார்ஜ் துளைக்கு ரப்பர் மூடி இருந்தால், அது சரியாக அமர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஒரு நாள் நடைக்கு என்யு25 போதும். பட்டனைப் பூட்டி வைத்துவிட்டால் பைக்குள் தானாக எரியாது. இரவு தங்கி நடப்பதென்றால் என் ஓட்டு ஆக்டிக் கோருக்குத்தான். சார்ஜ் தீர்ந்தாலும் பெட்டிக்கடையில் டிரிபிள்-ஏ வாங்கிப் போட்டு நடந்துவிடலாம். வீட்டுக்கு வந்ததும் லித்தியம் பேட்டரியைப் பாதி சார்ஜில் வைத்து அலமாரியில் எடுத்து வையுங்கள். முழுதாக ஏற்றியோ முழுதாகத் தீர்த்தோ மாதக்கணக்கில் போட்டு வைத்தால் அதன் ஆயுள் குறையும்.