இடது மறை

ஜூன் 8, 2025, ஞாயிறு

காலையில் பெசன்ட் நகர் சிக்னலில் வேகத்தைக் குறைக்க சைக்கிள் பெடலைப் பின்பக்கமாக அழுத்தினேன். 'டக்'. கொஞ்ச தூரம் காலியாக ஓடி, அப்புறம்தான் பிடித்தது. ஃபிக்ஸட் கியர் சைக்கிளில் காலியாக ஓட வழியே கிடையாது. ஃப்ரீவீல் இல்லை, சக்கரம் சுற்றினால் பெடலும் சுற்றியாக வேண்டும். முன் பிரேக் இருந்ததால் தப்பித்தேன். (பிரேக் இல்லாமல் ஓட்டுவதுதான் கெத்து என்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை.) உருட்டிக்கொண்டே வீடு.

ஜூன் 9, திங்கள்

ராத்திரி பின் சக்கரத்தைக் கழற்றினேன். பல்சக்கரத்தை நகரவிடாமல் பிடிக்கும் லாக்ரிங் கையாலேயே சுற்றியது. கொக்கி ஸ்பேனர் மாட்டுகிற காடிகளில் இரண்டு உடைந்திருக்கின்றன. உடைத்தது நான்தான். போன மழைக்காலத்தில் ஸ்பேனர் இல்லாமல் ஸ்க்ரூடிரைவரை வைத்துச் சுத்தியலால் தட்டினேன், அதுவும் தப்பான பக்கமாக.

பல்சக்கரத்துக்கு வலது மறை (கடிகார முள் திசையில் இறுகும் திருகு), 1.37 அங்குலம். லாக்ரிங்குக்கு இடது மறை (எதிர்த்திசையில் இறுகுவது), 1.29 அங்குலம். இரண்டிலும் அங்குலத்துக்கு 24 புரி. முன்னால் மிதிக்க மிதிக்கப் பல்சக்கரம் தானாக இறுகும். பின்னால் அழுத்தினால் கழலப் பார்க்கும். கழலும்போது லாக்ரிங்கையும் கூடவே இழுக்கும். லாக்ரிங்குக்கோ அதுதான் இறுகும் திசை. யார் யோசித்தாரோ, கும்பிட வேண்டும். லாக்ரிங் தளர்ந்துவிட்டால் மட்டும் பல்சக்கரம் முன்னும் பின்னும் ஆடி ஆடி, சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பின் மறையையே தின்றுவிடும். பல்சக்கரம் எஃகு, ஹப் அலுமினியம். டார்ச் அடித்துப் பார்த்தேன். மறை பிழைத்திருக்கிறது.

அச்சை விரலால் சுற்றினால் கரகரவென்றது. பிரித்தால், வலப்பக்கக் கோனில் (அச்சில் ஏறும் கூம்புத் துண்டு, பால்ரஸ் உருள்வது இதன்மேல்தான்) அம்மைத் தழும்பு மாதிரி குழிகள். ஒரு வேலைக்கு இரண்டு.

ஜூன் 12, வியாழன்

ஆர்டர் போட்ட லாக்ரிங்கும் கொக்கி ஸ்பேனரும் வந்தன. நாலு நாளாக ஆபீசுக்கு பஸ்.

ஜூன் 14, சனி

கோன் வாங்க ரத்தன் பஜார். முதல் கடையில் எடுத்துக் கொடுத்த கோன் நம்ம ஊர் பெரிய சைக்கிளுக்கானது. அதன் அச்சு 3/8 அங்குலம், அதாவது ஒன்பதரை மி.மீ. என்னுடையது 10. "ரெண்டும் ஒண்ணுதான் தம்பி, ஏத்திடலாம்" என்றார். ஏறவில்லை.

அடுத்த கடைக்காரர் பழைய அச்சைக் கேட்டு வாங்கி, கியர் சைக்கிள் ஹப் சாமான்கள் கிடந்த டப்பாவைக் கவிழ்த்தார். பழைய கோனைப் பக்கத்தில் வைத்து, பால்ரஸ் உட்காரும் வளைவு, உயரம், மறை என்று ஒவ்வொன்றாக ஒத்துப்பார்த்து ஐந்தாவதைத் தேர்ந்தெடுத்தார். கால் அங்குல பால்ரஸ் பக்கத்துக்கு ஒன்பது, மொத்தம் 18. நான் 20 வாங்கினேன். பீரோவுக்கு அடியில் ஓட ஒன்றிரண்டு வேண்டாமா?

லாக்ரிங் கதையைச் சொன்னதும், "எதுக்கு ஆர்டர் போட்டீங்க? பி.பி. கப் ரிங்கைப் போட்டா ஏறிடுமே" என்றார். அது பெடல் அச்சின் கப்பைப் பூட்டும் வளையம், 1.37 அங்குலம்; லாக்ரிங் உட்காரும் 1.29 மறையில் பிடிக்காது. போதாததற்கு வலது மறை. பல்சக்கரம் கழன்றால் அதுவும் சேர்ந்தே கழலும். சொன்னேன். "அப்ப சரி" என்று சிரித்தார்.

ஜூன் 15, ஞாயிறு

மண்ணெண்ணெயில் கழுவி, கப்பில் கிரீஸ் அப்பி, பால்ரஸைப் பதித்தேன். ஒன்பது வைத்தபின் பத்தாவதுக்கும் இடம் இருப்பதுபோல் தெரியும். வைக்கக் கூடாது. கோனை இறுக்கினால் கரகரக்கிறது, விட்டால் சக்கரம் ஆடுகிறது. லாக்நட்டைப் பூட்டும்போது கோனும் கூடவே நகர்ந்து தொலைக்கிறது. நாலாவது தடவையில்தான், ஸ்பேனரால் கோனை அசையாமல் பிடித்துக்கொண்டு பூட்டியதும், கரகரப்பும் ஆட்டமும் நின்றன.

பல்சக்கரத்தை முழு மூச்சாக இறுக்கிய பிறகு லாக்ரிங், கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமாக. அந்தப் பக்கத்தை ஒரு முறைக்கு மூன்று முறை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேன்.

கடற்கரை வரை போய், மேம்பாலம் ஏறி இறங்கி வந்தேன். சத்தம் இல்லை. ஏற்றத்தில் மிதித்ததில் பல்சக்கரம் இன்னும் கொஞ்சம் உள்ளே போயிருக்கும் என்று, வாசலிலேயே கொக்கி ஸ்பேனரை மாட்டிப் பார்த்தேன். லாக்ரிங் அரைக்கால் சுற்று வாங்கியது.