மஞ்சள் மீட்டரும் அப்பாவின் முள் மீட்டரும்

போன வாரம் அக்கா மகன் வாட்ஸப்பில் மூன்று படம் அனுப்பினான். மூன்றும் வோல்ட்டேஜ், கரண்ட் எல்லாம் அளக்கும் மல்டிமீட்டர். "மாமா, எது வாங்கலாம்? பைக்குக்கும் வேணும், வீட்டுக்கும் வேணும்." பையனுக்கு இப்போதுதான் பைக் ஓட்டும் 2பி லைசென்ஸ் கிடைத்திருக்கிறது. பழைய பைக் ஒன்றை வாங்கி, புளோக்குக்குப் பின்னால் இருக்கும் பல மாடி கார்நிறுத்துமிடத்தில் வைத்து நோண்டிக்கொண்டிருக்கிறான். ஒவ்வொரு படத்துக்கும் கீழே துல்லியம் எத்தனை சதவீதம், திரையில் எத்தனை இலக்கம் என்று எழுதியிருந்தான். நன்றாகத்தான் படித்திருக்கிறான். நான் ஒன்றே ஒன்றுதான் திருப்பிக் கேட்டேன்: "10 ஆம்ப்ஸ் துளைக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கு?"

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு கதை உண்டு.

கல்யாணமான புதிதில் சிங்கப்பூரில் அங் மோ கியோ பக்கம் இருந்தோம். அப்போது என்னிடம் எட்டு வெள்ளி மஞ்சள் மீட்டர் ஒன்று இருந்தது. உள்ளங்கை அளவு, நடுவில் ஒரு திருகு, கீழே மூன்று துளை. இந்தச் சாதியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஒருநாள் காலையில் பைக்கில் ஏதோ கரண்ட் அளந்துவிட்டு, சிவப்பு வயரை 10 ஆம்ப்ஸ் துளையிலேயே விட்டுவிட்டேன். சாயங்காலம் ரைஸ் குக்கர் வேலை செய்யவில்லை என்றாள் மனைவி. சாக்கெட்டில்தான் கோளாறு என்று நானே முடிவு செய்து மூடியைக் கழற்றினேன். திருகை 750 வோல்ட் ஏசிக்குச் சரியாகத்தான் திருப்பினேன். இரண்டு முனைகளையும் லைவிலும் நியூட்ரலிலும் வைத்ததுதான் தெரியும். டப்!

திருகை எங்கே வைத்தாலும், அந்த 10 ஆம்ப்ஸ் துளைக்கும் கறுப்பு வயர் செருகும் காம் துளைக்கும் நடுவே இருப்பது ஒரு தடித்த கம்பி மட்டும்தான். நான் செய்தது 230 வோல்ட்டை ஒரு கம்பியால் இணைத்த வேலை. ஷார்ட் ஆனால் தானே அணையும் சுவிட்ச், அதான் எம்சிபி, விழுந்து வீடு இருட்டானது. டார்ச் அடித்துப் பார்த்தால் ஒரு முனையின் நுனியைக் காணோம். மூடிக்குப் பின்னாலிருந்த இரும்புப் பெட்டியில் கறுப்பாக ஒரு நட்சத்திரம். மனைவி கழுவிய அரிசியோடு நின்று, "அப்ப இன்னைக்குச் சோறு இல்லையா?" என்றாள். உண்மையான கோளாறு குக்கரின் பிளக்குக்குள் இருந்த 13 ஆம்ப்ஸ் ஃபியூஸில். பிளக்கைத் திறந்து பார்க்க ஒரு திருப்புளி போதும், மீட்டரே தேவையில்லை.

இத்தனைக்கும் அந்த மீட்டரின் முகத்தில், அந்தத் துளைக்குப் பக்கத்திலேயே, 'அன்ஃப்யூஸ்டு' என்று அச்சடித்திருந்தது. அதாவது ஃபியூஸ் கிடையாது. எச்சரிக்கை எழுதி ஒட்டிவிட்டுத்தான் விற்றிருக்கிறார்கள், நான்தான் படிக்கவில்லை.

அதனால் என் கணக்கில் மல்டிமீட்டர் வாங்கும்போது முதல் கேள்வி துல்லியம் அல்ல. நாம் தப்புச் செய்யும்போது அது என்ன செய்யும் என்பதுதான். கார் பேட்டரியை 12.61 என்று காட்டினால் என்ன, 12.6 என்று காட்டினால் என்ன? முதுகைத் திறந்து ஃபியூஸைப் பாருங்கள். பென்சில் துண்டு போல மெலிந்த கண்ணாடிக் குழாய் என்றால் அது பெரும்பாலும் 250 வோல்ட்டுக்கானது. சுண்டுவிரல் தடிமனில் வெள்ளையாகப் பீங்கான் குழாய், உள்ளே மணல் நிரப்பியது என்றால் அது பெரிய ஷார்ட்டையும் அடக்கிவிடும். அந்த ஒரு ஃபியூஸின் விலைக்கு மஞ்சள் மீட்டரே வாங்கிவிடலாம், அது வேறு விஷயம். எந்த இடத்தில் வைத்து அளக்கலாம் என்பதற்கு முகப்பில் கேட் 2, கேட் 3 என்று போட்டிருப்பார்கள். சாக்கெட்டில் செருகும் சாமான்களுக்கு இரண்டு போதும். மின்சாரம் பிரிந்துபோகும் வீட்டு டிபி பெட்டிக்கும் சுவருக்குள் போகும் வயரிங்குக்கும் மூன்று வேண்டும். ஆனால் கேட் 3 என்று முகத்தில் அடித்து, உள்ளே கண்ணாடி ஃபியூஸை வைத்த மீட்டரையும் நான் பார்த்திருக்கிறேன்.

சரி, அடுத்தது வீடு. இப்போது நாங்கள் இருப்பது யீஷூனில் ஒரு பழைய வீவக வீடு, 1985க்கு முன் கட்டியது. 2023 ஜூலையிலிருந்து எல்லா வீட்டிலும் மின்கசிவு வந்தால் துண்டிக்கும் ஆர்சிசிபி இருக்க வேண்டும் என்று விதி வந்து, இரண்டு ஆண்டு அவகாசமும் கொடுத்தார்கள் இல்லையா, அதை மாட்ட லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரிஷியன் ஒருவர் வந்திருந்தார். வந்தவரிடம் என் சந்தேகத்தைக் கேட்டேன். வரவேற்பறை எல்இடி விளக்கை அணைத்த பிறகும் மின்மினி மாதிரி லேசாக எரியும். சுவிட்ச் ஆஃப், ஆனால் என் டிஜிட்டல் மீட்டர் அந்த வயரில் 68 வோல்ட் காட்டும். சிரித்தார். "அண்ணே, அது பேய் வோல்ட்டேஜ்."

டிஜிட்டல் மீட்டரின் உள் தடை சுமார் 10 மெகா ஓம். வயரிலிருந்து அது கிட்டத்தட்ட எதையுமே இழுக்காது. குழாய்க்குள் இரண்டு வயர் ஒட்டிக்கொண்டே நீண்ட தூரம் போகும்போது, லைவ் வயரிலிருந்து பக்கத்து வயருக்குத் துளியூண்டு தொற்றும். அந்தத் துளியைத்தான் மீட்டர் பெரிய எண்ணாகக் காட்டுகிறது. அவர் தன் ஃப்ளூக் 117 மீட்டரை எடுத்து லோ-இசட் என்ற நிலைக்குத் திருப்பினார். வேண்டுமென்றே கொஞ்சம் சுமை கொடுத்து அளக்கும் நிலை அது. 68 வோல்ட் ஒன்றுக்கும் கீழே போய்விட்டது.

எனக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது. அலமாரி மேலிருந்து அவருடைய பழைய சான்வா முள் மீட்டரை இறக்கினேன். கப்பல் பட்டறையில் வேலை பார்த்த காலத்தில் சுங்கை ரோடு சந்தையில் வாங்கியது. 2017 ஜூலை 10ஆம் தேதியோடு அந்தச் சந்தையையே மூடிவிட்டார்கள். கண்ணாடியில் ஒரு கீறல், முள்ளுக்குப் பின்னால் மெல்லிய ஆடிப் பட்டை. முள்ளும் ஆடியில் தெரியும் அதன் நிழலும் ஒன்றாகும்போதுதான் படிக்க வேண்டும் என்று அப்பா என் தலையைப் பிடித்து நேராக்கிச் சொல்லித் தந்தது. அதை அதே வயரில் வைத்தோம். முள் சோம்பலாக ஒரு சிணுங்கு சிணுங்கிவிட்டுக் கீழேயே கிடந்தது. பழைய முள் மீட்டர் டிஜிட்டலைவிட அதிகம் இழுக்கும், அதனால் பேய் அதனிடம் வருவதில்லை. எலெக்ட்ரிஷியன் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு விலை கேட்டார். கொடுப்பேனா!

காருக்கு வருவோம். இரண்டு தீபாவளிக்கு முன் ஒன்பது நாள் திருச்சி போய்விட்டு வந்தால் கார் கிளம்பவில்லை. பேட்டரியை மாற்றுங்கள் என்றார்கள், மாற்றினேன். மூன்று வாரத்தில் மறுபடியும் சோர்ந்தது. நன்றாக இருக்கும் பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும், என்ஜின் ஓடும்போது 14ஐ ஒட்டி இருக்கும். எனக்கு ஓடும்போது 14.2. ஆகவே பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்நேட்டரில் குறை இல்லை. நிற்கும்போதுதான் எதுவோ குடிக்கிறது.

இங்கேதான் டிசி கிளாம்ப் மீட்டர் கைகொடுத்தது. வயரைக் கழற்றாமலே, நெகட்டிவ் வயரைச் சுற்றிப் பிடித்தால் கரண்ட் தெரியும். ஒரு வயரைத்தான் பிடிக்க வேண்டும், போகிற வயரும் வருகிற வயரும் சேர்ந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். யூனி-டி நிறுவனத்தின் யுடி210இ வைத்திருக்கிறேன். அதன் 2 ஆம்ப்ஸ் நிலையில் ஒரு மில்லி ஆம்ப் வரை பிரித்துக் காட்டும். கடையில் கேட்கும்போது 'டிசி' என்று அழுத்திச் சொல்லுங்கள். மலிவான கிளாம்ப்கள் பல ஏசி மட்டும்தான் அளக்கும், கார் பேட்டரிக்கு உதவாது. கதவைப் பூட்டி, காரின் கம்ப்யூட்டர்கள் தூங்கட்டும் என்று அரை மணி நேரம் காத்திருந்தேன். 50 மில்லி ஆம்ப்ஸுக்குள் வர வேண்டியது 0.31 ஆம்ப்ஸில் நின்றது. ஒரு நாளைக்கு ஏழு ஆம்பியர்-மணி. ஒன்பது நாளில் என் 45 ஆம்பியர்-மணி பேட்டரி தாங்குமா?

அப்புறம் ஃபியூஸ் ஒவ்வொன்றாக. பிடுங்கக்கூடாது, பிடுங்கினால் தூங்கும் கம்ப்யூட்டர் எழுந்துவிடும். ஒவ்வொரு ஃபியூஸின் தலையிலும் இரண்டு சின்னப் புள்ளிகள் உலோகமாகத் தெரியும். அங்கே மில்லிவோல்ட்டில் அளந்தால் கரண்ட் ஓடும் ஃபியூஸ் மட்டும் எண் காட்டும். ஒரு 10 ஆம்ப்ஸ் ஃபியூஸில் 2.3 மில்லிவோல்ட். டேஷ்கேம்! மாட்டியவர், பேட்டரி இறங்கினால் துண்டிக்கும் சாமானைப் போடாமல், எப்போதும் உயிரோடு இருக்கும் ஃபியூஸிலிருந்து நேராக வயர் இழுத்திருந்தார். பார்க்கிங்கில் ராத்திரி பகலாகப் படம் பிடித்திருக்கிறது, ஒரே தூணை.

டுவெல், ஆர்பிஎம் என்று பொத்தான் வைத்த 'ஆட்டோமோட்டிவ்' மீட்டர்களுக்கு அதிகக் காசு கொடுக்காதே என்று மருமகனிடம் சொல்லிவிட்டேன். டுவெல் என்பது, தீப்பொறிக்காகத் திறந்து மூடும் பாயிண்ட் வைத்த பழைய என்ஜினுக்கு. சிஓஇ என்ற அனுமதிச் சீட்டு வைத்து ஓடும் இந்த ஊரில் அப்படிப்பட்ட காரை எங்கே தேடுவது? அதைவிட மினிமம், மேக்ஸிமம் பிடித்து வைக்கும் 'மின்-மேக்ஸ்' பொத்தான் இருந்தால் நல்லது. ஸ்டார்ட் செய்யும் அந்த ஒரு நொடியில் வோல்ட்டேஜ் எவ்வளவு கீழே போனது என்று பிடித்து வைக்கும்; பத்துக்குக் கீழே வெகுவாக இறங்கினால் பேட்டரியைச் சந்தேகப்படலாம். ஸ்டார்ட்டர் கரண்டை 10 ஆம்ப்ஸ் துளையில் அளக்கிறேன் என்று மட்டும் கிளம்பிவிடக்கூடாது. காரில் அது நூறு ஆம்ப்ஸைத் தாண்டும்.

சனிக்கிழமை இரண்டு பேரும் சிம் லிம் டவர் போனோம். சிம் லிம் ஸ்குவேர் அல்ல, எதிரே இருக்கும் டவர். ரெசிஸ்டரும் ஃபியூஸும் சில்லறையாகக் கிடைப்பது அங்கேதான். ஃப்ளூக் முந்நூறு வெள்ளிக்கு மேல் என்றதும் பையன் முகம் சுருங்கியது. வீட்டு வயரிங்கை அவன் தொடப் போவதில்லை, இங்கே அது லைசென்ஸ் உள்ளவர்களின் வேலை. எனவே பைக்குக்கு என்னுடையது மாதிரியே ஒரு கிளாம்ப் போதும் என்று முடிவாகி, மிச்சக் காசில் தேக்காவில் பிரியாணி சாப்பிட்டோம்.

ராத்திரி ஒன்பது மணிக்கு போன். "மாமா, மீட்டர் கெட்டுப்போயிடுச்சு. ஹெட்லைட் போட்டாலும் சைபர்தான் காட்டுது."

"எந்த வயரைப் பிடிச்சிருக்கே?"

"ஹெட்லைட்டுக்குப் போற வயரைத்தான். சிவப்பு, கறுப்பு ரெண்டையும்."

"ரெண்டையும் சேர்த்தா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "மாமா, 4.1" என்றான்.