மூன்றாம் நாள் இரவு வந்த எறும்புகள்

போயா என்கிற பௌர்ணமி விடுமுறை தினத்தில் சாராயக்கடை திறக்காது. அதனால் முதல் நாளே வாங்கி அலுமாரிக்குள் வைத்துவிடுவேன். 17 வருடம் இதுதான் பழக்கம். போன வருடம் பொசன் போயாவுக்கு முதல் நாள், கொழும்பு புறக்கோட்டையில் நான் வேலை செய்யும் துணிக்கடை பூட்டியதும் ஒன்றும் வாங்காமல் 100 ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி வெள்ளவத்தைக்கு வந்துவிட்டேன். குடியை விடப்போகிறேன் என்று மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை. எத்தனையோ தரம் சொல்லி, அவளுக்கு அந்தப் பேச்சே புளித்துப்போயிருந்தது.

முடிவு சரிதான், விட்ட விதம்தான் பிழை. தினமும் அரைப் போத்தலுக்கு மேல் பழகின உடம்பு அது. அடுத்த நாள் விரல்கள் நடுங்கின. அதற்கு அடுத்த நாள் கடையில் துணி அளக்க மீற்றர் கோலைப் பிடித்தால், கோல் மேசையில் தட்டித் தட்டிச் சத்தம் போட்டது. வாங்க வந்த அம்மா துணியைப் பார்க்கவில்லை, என் கையைத்தான் பார்த்தார்.

மூன்றாம் நாள் இரவு சுவரில் எறும்புகள். வரிசையாக ஏறி, சாமிப் படத்துக்குப் பின்னால் போய், இறங்கி என் கட்டிலுக்கு வந்தன. தும்புத்தடியால் சுவரை அடித்தேன். மனைவி லைட்டைப் போட்டாள். "இஞ்சருங்கோ, சுவரிலை ஒண்டும் இல்லை." அவள் குரலில் இருந்த பயம் இன்னும் காதுக்குள் நிற்கிறது. அந்த நேரமே முச்சக்கர வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

டொக்டர் விளக்கினார். மது மூளையை அமத்தி வைத்திருக்குமாம். அதை எதிர்த்து மூளை வருடக்கணக்காக வேகமாக ஓடிப் பழகியிருக்கும். திடீரென்று மதுவை நிறுத்தினால் அந்த வேகத்துக்குக் கடிவாளம் இல்லை. நடுக்கம், வலிப்பு, இல்லாததைக் காண்பது என்று போய், கவனிக்காவிட்டால் உயிரே போகலாம். வைட்டமின் பி1 ஊசி போட்டார்கள். அமைதிப்படுத்தும் மாத்திரையை முதலில் கூட்டித் தந்து, நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டு வந்தார்கள். தினமும் குடிக்கிறவர்கள் தயவுசெய்து என்னைப்போல் தனியே நிறுத்தாதீர்கள். முதலில் ஒரு டொக்டரிடம் போங்கள்.

வாட்டில் இருந்த நாட்களில் சிகரட்டும் இல்லை. வெளியே வந்ததும் அதையும் தொடவில்லை. சிகரட்டை மட்டும் விட இரண்டு தரம் பார்த்தவன் நான். இரண்டு தரமும் மாலையில் முதல் கிளாஸோடு அது திரும்பி வந்தது. பெட்டியின் 80 வீதத்தை மூடி நோய்ப் படம் அச்சிடுகிறார்கள். எனக்கு அந்தப் படம் பழக்கமே இல்லை, ஏனென்றால் நான் பெட்டி வாங்கியதில்லை. பெட்டிக்கடையில் ஒவ்வொன்றாக வாங்கி, அங்கே தொங்கும் கயிற்று நெருப்பில் பற்றவைத்து, பிளேன்ரீயோடு இழுப்பதுதான் வழக்கம். ஆசை எழும்பினால் சில நிமிடத்தில் தணியும் என்று கிளினிக்கில் சொன்னார்கள். அந்தச் சில நிமிடத்துக்குக் கடை வாசலிலிருந்து தெருமுனைவரை நடந்தேன். ஒரு நாளில் பத்துத் தரமாவது நடந்திருப்பேன். நெஞ்சு படபடத்தபோது ரீயைக் குறைக்கச் சொன்னார்கள். புகைக்கிற உடம்பு கஃபீனைச் சீக்கிரம் கரைத்துவிடுமாம், விட்டபிறகு அதே அளவு ரீ கூடிப்போகும்.

ஐந்தாம் மாதம் வத்தளையில் ஒரு செத்தவீடு. பின்வளவில் ஒருவர் கிளாஸை நீட்டினார், குடித்தேன். குடித்த கையோடு வெறும் சட்டைப்பையில் சிகரட்டைத் தேடினேன். அடுத்த நாள் காலை கிளினிக்குக்குப் போய் உள்ளதைச் சொன்னேன். ஆலோசகர் ஏசவில்லை. எத்தனை மணிக்கு, பக்கத்தில் யார், மத்தியானம் சாப்பிட்டேனா என்று கேட்டு எழுதினார். காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. இப்போது வெறும் வயிற்றோடு எந்த வீட்டுக்கும் போவதில்லை. துக்கம் விசாரித்ததும் கிளம்பிவிடுவேன்.

எங்கள் கடையில் பில் எழுதும் தம்பி இந்தக் கிழமை இரண்டு பில்லைக் கிழித்துவிட்டுத் திருப்பி எழுதினான். காலையில் பேனையை இரண்டு கையாலும் பிடிக்கிறான். நேற்று கடை பூட்டினபிறகு பக்கத்தில் இருத்திப் பேசினேன். கனநேரம் குனிந்தபடியே இருந்தான். பிறகு, "அண்ணை, நீங்களும் வருவீங்களா?" என்றான். திங்கட்கிழமை இரண்டு பேருக்கும் அரைநாள் லீவு கேட்டிருக்கிறேன்.