வெள்ளிக்கிழமைக் கணக்கு

"எங்களுக்குத் தயக்கம் இருக்கிறது. திங்கட்கிழமை கட்சிக் கூட்டத்தில் பேசிவிட்டுச் சொல்கிறோம்" என்றார் அந்த உறுப்பினர்.

"அப்படியானால் எதிர்க்கிறீர்களா?" என்று தலைவர் கேட்டார்.

"எதிர்க்கிறேன் என்று நான் சொல்லவில்லையே."

உடனே டென்மார்க் நாடாளுமன்றத்தின் ஐரோப்பிய விவகாரக் குழுவில் வெள்ளிதோறும் ஒலிக்கும் அந்த வாக்கியம் வந்தது: அரசின் நிலைப்பாட்டுக்கு எதிராகப் பெரும்பான்மை இல்லை. அமைச்சர் கோப்பை மூடினார். திங்கள் காலையே பிரஸ்ஸல்ஸில் ஐரோப்பிய ஒன்றிய அமைச்சர்கள் கூடும் கவுன்சில் கூட்டம்.

குழுவில் 17 பேர். ஆனால் தலைகளை எண்ணுவதில்லை; ஒவ்வொருவரும் தம் கட்சிக்கு அவையில் உள்ள இடங்களின் எடையோடு பேசுகிறார். மொத்தம் 179 இடங்கள். எதிர்ப்பு 90-ஐத் தொட்டால் அமைச்சர் அந்த நிலைப்பாட்டோடு பிரஸ்ஸல்ஸ் போக முடியாது. இங்கே 'ஆம் என்போர்' யார் என்று யாரும் கேட்பதில்லை. மௌனம் சம்மதம் என்பது பழமொழியாக இல்லாமல் கூட்டல் கணக்காகவே நடக்கும் இடம் இது.

குழுவின் செயலகத்தில் வேலை பார்க்கும் நான், எதிர்த்த கட்சிகளின் இடங்களைக் கூட்டித் தலைவர் பக்கம் நகர்த்திய சீட்டில் 84 என்றுதான் எழுதியிருந்தேன். தயங்கிய கட்சிக்கு 8. சேர்த்தால் 92.

விதிப்படி 84 சரி. தயக்கம் எதிர்ப்பாகாது. இதை அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். விதிக்குக் காரணமும் உண்டு: டென்மார்க்கில் பெரும்பாலும் சிறுபான்மை அரசுகள்தான். ஒவ்வொரு வாரமும் ஆதரவுப் பெரும்பான்மை திரட்டித்தான் அமைச்சர் விமானம் ஏற வேண்டும் என்றால் எந்த அரசும் நகராது. எதிர்க்கட்சிகளுக்கும் இது வசதிதான். பிடிக்காத ஒன்றை 'ஆம்' என்று சொல்லாமலே போக விட்டுவிடலாம். அந்த உறுப்பினர் அன்று அந்த வசதியைத்தான் நாடினாரோ என்னவோ. அப்படியென்றால் நான் கவலைப்படுவதே வீண்.

ஆனால் 'திங்கட்கிழமை சொல்கிறோம்' என்றாரே. வசதி தேடுகிறவர் தேதி சொல்ல மாட்டார்.

வெள்ளிக்கிழமைக்கான கணக்கு உண்மையில் வியாழனுக்குள் கட்சிக்குள்ளேயே முடிந்திருக்க வேண்டும். அரசின் விளக்கக் குறிப்பு முன்கூட்டியே வந்துவிடுகிறது. ஆனால் சிறிய கட்சியில் ஒரே ஆள் பல குழுக்களைச் சுமக்கிறார். அதோடு, அமைச்சர் எவ்வளவு தூரம் விட்டுக்கொடுப்பார் என்பது குறிப்பில் இராது. மாண்டேட்டை, அதாவது குழுவின் இசைவு கேட்டு அவர் முன்வைக்கும் பேச்சுவார்த்தை நிலைப்பாட்டை, வாய்மொழியாகத்தான் வைப்பார். எழுத்தில் தந்தால் கசியும், கசிந்தால் எதிரே உட்காரும் 26 நாடுகளுக்கும் டென்மார்க்கின் கடைசி எல்லை தெரிந்துவிடும். ஆகவே முக்கியமான வரியை உறுப்பினர் முதன்முதலாகக் கேட்பது அந்த அறையில்தான். உடனே முடிவும் சொல்ல வேண்டும். பழகியவர்கள் இப்படி மாட்டிக்கொள்வதில்லை. "எதிர்க்கிறோம், இந்த ஒரு வரி மாறினால் ஒழிய" என்று எதிர்ப்பை முன்னால் வைத்துப் பேசுவார்கள். 90 நெருங்குகிறது என்று தெரிந்தால் அமைச்சர் அங்கேயே வரியை மாற்றுவார். இந்தக் குழுவின் பலம் இருப்பது வாக்கெடுப்பில் அல்ல, அந்த ஓரிரு நிமிடப் பேரத்தில். தயக்கத்தை முன்னால் வைத்தால் பேரத்துக்கே இடமில்லை.

இதை அவரிடம் முன்னமே சொல்லியிருக்கலாமா? சொன்னால் செயலகம் ஒரு பக்கம் சாய்ந்ததாகும். சொல்லாததும் ஒரு பக்கம் சாய்ந்ததுதான் என்று சில நாள் தோன்றுகிறது.

இன்னொன்று. அரசு குழுவுக்குத் தகவல் தர வேண்டும் என்றுதான் ஐரோப்பியச் சமூகத்தில் சேர்வதற்காக 1972-இல் இயற்றிய சட்டம் கேட்கிறது. மாண்டேட் முறை 1973-இல் வந்தது. அதன் பிடி சட்டத்தில் இல்லை, அரசியலில்தான். மாண்டேட்டைத் தாண்ட வேண்டுமென்றால் அமைச்சர் குழுவிடம் திரும்ப வருவதும் அதனால்தான். ஆக, திங்கள் காலை அந்தக் கட்சி 'எதிர்க்கிறோம்' என்று நாலு வரி எழுதியிருந்தால், 92-ஐப் பார்த்த பிறகு எந்த அமைச்சரும் சும்மா இருந்திருக்க முடியாது. கடிதம் வரவில்லை. அதை வைத்து என்னைச் சமாதானப்படுத்திக்கொள்கிறேன். கடிதம் வராததையும் சம்மதமாகவே கணக்கிடுகிறேன் என்பது தெரிந்தும்தான்.

இப்போதெல்லாம் தயங்கும் கட்சியின் எண்ணைக் கூட்டுத்தொகைக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியோடு எழுதுகிறேன். அப்படி எழுதத் தொடங்கிய பிறகு இதுவரை அந்த எண்ணைச் சேர்த்து ஒரு தடவைகூட 90 வரவில்லை.