‘இணைய இணைப்பைச் சரிபார்க்கவும்’: ஒரே செய்தி, இரண்டு கோளாறு

படங்களைத் தொகுக்கும் மென்பொருள் மறுபடியும் அதே வாக்கியத்தைக் காட்டியது: “இணைய இணைப்பைச் சரிபார்க்கவும்.” அதே கணினியில், அதே நேரத்தில், பிரௌசரில் ஒரு கச்சேரி தங்குதடையின்றி ஓடிக்கொண்டிருந்தது.

மன்னார்குடிப் பக்கம் இருந்துகொண்டு பறவைப் படம் எடுப்பவனுக்கு வடுவூர் ஏரி கூப்பிடு தூரம். மேட்டூர்த் தண்ணீர் வந்து, ஐப்பசி மழையும் பிடித்துக்கொண்டால் நத்தைகுத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் கரையை விட்டு நகர விடாது. எடுப்பதையெல்லாம், கேமரா பதிவுசெய்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாகவே வைத்துக்கொள்கிறேன். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 25 எம்.பி. மேசைக் கணினியில் கழித்து, திருத்தி, கிளவுடில் ஒரு பிரதி ஏற்றிவைப்பது வழக்கம். அந்தக் கடைசி வேலையில்தான் வம்பு.

மோடத்தை அணைத்துப் போடுவது, மென்பொருளை நீக்கி மறுபடி நிறுவுவது, இணையதளப் பெயரை எண் முகவரியாக்கித் தரும் டி.என்.எஸ். சர்வரை 8.8.8.8 என்று மாற்றுவது போன்ற வழக்கமான வைத்தியம் எதற்கும் அது மசியவில்லை. இணைப்பு கொடுத்த தம்பி வந்து, தன் செல்போனில் வேகத்தைச் சோதித்துக் காட்டினார். “லைன் சுத்தமாக இருக்கிறது அண்ணா. உங்கள் கம்ப்யூட்டரைப் பாருங்கள்” என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார். தட்டிக்கழிக்கிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னதுதான் சரி.

உருப்படியான தடயம், மென்பொருள் தன் நடவடிக்கைகளைக் குறித்துவைக்கும் லாக் கோப்பில் கிடைத்தது. விண்டோஸில் பல மென்பொருள்கள் இதை ஆப்டேட்டா என்ற மறைந்திருக்கும் ஃபோல்டருக்குள் எழுதிவைக்கும். நோட்பேடில் திறந்து பிழை வந்த இடங்களைத் தேடினேன். திரையில் ஒரே வாக்கியம். உள்ளே இரண்டு வகை வரிகள். சில இடங்களில் ‘சான்றிதழ் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை’, மற்ற இடங்களில் ‘காத்திருப்பு நேரம் முடிந்தது’. இரண்டையும் ஒரே வாக்கியத்துக்குள் அடைத்தவர் யாரோ, அவருக்கு நல்ல வார்த்தை சொல்ல எனக்கு மனமில்லை.

முதல் வகை உடனே பிடிபட்டது. அந்த வரிகளின் தேதியே பல வருடம் பின்னால் கிடந்தது. மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின்சாரம் நிறுத்தும் நாட்களில் மதர்போர்டின் பேட்டரி தீர்ந்துபோன கணினி தன் கடிகாரத்தை மறந்துவிடுகிறது. பாதுகாப்பான இணைப்புக்குச் சர்வர் காட்டும் சான்றிதழ் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை என்று கணக்கு வைத்திருக்கும். கணினி பழைய வருடத்தில் நின்றால், அந்தச் சான்றிதழ் அதற்கு இன்னும் பிறக்காத ஒன்று. சி.ஆர்.2032 என்ற வட்ட பேட்டரி கடிகாரக் கடையிலேயே கிடைத்தது. மாற்றினேன், தேதியைத் திருத்தினேன், அந்த வகை வரி அதன்பின் வரவே இல்லை.

இரண்டாவதுதான் ஆட்டம் காட்டியது. லாகின் ஆகும், சிறுபடங்கள் வரும், தலைப்பை மாற்றினால் அதுவும் ஏறும். ரா கோப்பு மட்டும் ஏறத் தொடங்கி அப்படியே நின்றுவிடும். பிரௌசர் வழியாகப் பெரிய கோப்பு ஒன்றை மின்னஞ்சலில் இணைத்துப் பார்த்தேன். அங்கும் அதே திணறல். ஆகவே படமென்பொருள் மேல் பழி போட முடியாது. சின்னது போகிறது, பெரியது நிற்கிறது என்றால், தரவைத் துண்டுபோட்டு அனுப்பும் பாக்கெட்டின் அளவைப் பார்க்க வேண்டும்.

ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட் 1500 பைட் வரை இருக்கலாம். என் ஃபைபர் இணைப்பு, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையும் பி.பி.பி.ஓ.இ. முறையில் ஓடுகிறது, அது ஒவ்வொரு பாக்கெட்டின் முன்னாலும் ஒட்டும் தலைப்புக் குறிப்புக்காக 8 பைட் எடுத்துக்கொள்வதால் மிஞ்சுவது 1492. உடைக்கக் கூடாது என்ற குறியோடு 1500 பைட் பாக்கெட் வந்தால் ரூட்டர் அதைக் கைவிட்டு, ‘சிறியதாக அனுப்பு’ என்று ஒரு ஐ.சி.எம்.பி. செய்தி (பிழைகளைத் தெரிவிக்கும் வலையமைப்புச் செய்தி) அனுப்பும். அந்தச் செய்தி கணினிக்கு எட்டாவிட்டால், ரயில்வே சுரங்கப்பாதையில் முட்டி நிற்கும் வைக்கோல் டிராக்டர் கதைதான்; பின்னால் வருகிறவனுக்கு விவரமே தெரியாது.

கமாண்ட் பிராம்ப்டில், உடைக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனைப் பாக்கெட்) அனுப்பினேன். 1464 பைட்டுக்குப் பதில் வந்தது. பாக்கெட்டின் தலைப்புக் குறிப்புகளுக்கான 28ஐக் கூட்டினால் சரியாக 1492. அடுத்து 1472 அனுப்பினேன். ‘உடைத்தால்தான் போகும்’ என்ற பதில் வந்திருக்க வேண்டும். வந்ததோ ‘நேரம் முடிந்தது’. ரூட்டரின் செய்தியை யாரோ வழியில் விழுங்குகிறார்கள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

விழுங்கியது, கணினியிலேயே இருந்த பாதுகாப்பு மென்பொருளின் ஃபயர்வால், அதாவது வரும் போகும் தரவை வடிகட்டும் காவல். கேட்காமல் வரும் ஐ.சி.எம்.பி. அனைத்தையும் தடுக்கும்படி அதில் ஒரு விதி. செல்போனில் இந்தத் தொல்லை இல்லாததன் காரணமும் அதுதான். ரூட்டரின் அந்தச் செய்தி அடங்கும் ‘சென்றடைய முடியவில்லை’ வகையை மட்டும் அனுமதித்துவிட்டு மறுபடி 1472 அனுப்பினேன். ‘உடைத்தால்தான் போகும்’ என்று பளிச்சென்று பதில். தேங்கிக் கிடந்த கூழைக்கடாப் படங்கள் அன்று இரவே ஏறி முடிந்தன.

கணினியின் எம்.டி.யூ., அதாவது பாக்கெட்டின் உச்ச அளவை 1492 என்று குறைத்துவிட்டாலும் வேலை நடக்கும். ஆனால் நாளை இணைப்பு மாறினால் அந்த எண்ணை யார் நினைவு வைத்துக்கொள்வது? விதியைத் திருத்துவதே எனக்குச் சரியாகப் பட்டது.

கணினியைத் தூக்க நிலையிலிருந்து எழுப்பியதும் இப்போதும் ஒருமுறை அந்த வாக்கியம் எட்டிப் பார்க்கிறது, சிறிது நேரத்தில் தானாகவே போய்விடுகிறது. அடுத்து வைஃபை அட்டையின் மின்சேமிப்பை அணைத்துப் பார்க்கப் போகிறேன்.