தோனோஸ்தியா: காலையில் சைக்கிள், மதியம் பின்ச்சோ

ஸ்பெயினின் வடக்குக் கரையில், பிரான்ஸ் எல்லையிலிருந்து சுமார் 20 கி.மீ. தூரத்தில் இருக்கிறது பாஸ்க் நகரமான தோனோஸ்தியா. ஸ்பானிய மொழியில் சான் செபாஸ்தியான். இரண்டு லட்சத்துக்குச் சற்றுக் குறைவான மக்கள், மூன்று கடற்கரைகள், மூன்று குன்றுகள், நடுவில் உருமேயா ஆறு. வருகிறவர்களில் பலர் நேரே பழைய நகரத்துக்குள் புகுந்து வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, அதன் பிறகு சைக்கிள் தேடுகிறார்கள். அந்த வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும். சமையலறைகள் மதியம் ஒரு மணியை ஒட்டித்தான் சூடு பிடிக்கும். அதுவரை வண்டியில் சுற்றிவிட்டால் பசியும் சரியான நேரத்துக்கு வந்து சேரும்.

சைக்கிளுக்கு இரண்டு வழி. நகரத்தின் பொதுச் சைக்கிள் திட்டமான தேபிசியில், செயலியில் பதிவு செய்து ஒரு நிலையத்தில் எடுத்து இன்னொன்றில் விட்டுவிடலாம். சிறு தூரங்களுக்கு இது போதும், பூட்டைப் பற்றிய கவலையும் இல்லை. அரை நாளுக்கு மேல் என்றால் வாடகைக் கடைதான் சரி. கடையில் முதலில் பார்க்க வேண்டியது மட்கார்டு. இங்கே ஆண்டுக்குச் சுமார் 1500 மில்லிமீட்டர் மழை. அதில் பாதி, குடை விரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்க வைக்கும் 'சிரிமிரி' தூறலாகவே வருவது போலிருக்கும். அந்தத் தூறலில் மட்கார்டு இல்லாத வண்டி முதுகு முழுக்கச் சேறடித்துவிடும். அடுத்தது பூட்டு. கேபிள் பூட்டைக் கொடுத்தால் வாங்காதீர்கள், கெட்டியான யு வடிவப் பூட்டாகக் கேளுங்கள். முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் எரிகின்றனவா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். இருட்டிய பிறகு அவை சட்டப்படி கட்டாயம்.

சைக்கிள் பாதைக்கு இங்கே பெயர் பிதெகோரி. நடைபாதையில் ஓட்டக் கூடாது, காதில் இயர்போன் கூடாது. 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு எங்கும், பெரியவர்களுக்கு ஊர் எல்லைக்கு வெளியே, ஹெல்மெட் கட்டாயம். ஈரமான நாளில் வெள்ளைக் கோடுகள் வழுக்கும். அவற்றின் மேல் பிரேக் பிடிக்காமல், திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். சுரியோலா கடற்கரைப் பக்கம் காற்று மணலைப் பாதை மேல் வாரிப் போட்டிருக்கும், அங்கேயும் அதே கவனம் தேவை.

நல்ல சுற்று ஒன்று உண்டு. சுமார் 12 கி.மீ., ஏறக்குறைய முழுக்கச் சமதளம். கிழக்குக் கோடியில் அலைச்சறுக்கு வீரர்கள் கூடும் சுரியோலாவில் தொடங்குங்கள். ரஃபேல் மொனேயோ வடிவமைத்து 1999-இல் திறந்த குர்சால் அரங்கைத் தாண்டி, பாலத்தில் ஆற்றைக் கடந்தால் நகர மையம். அங்கிருந்து லா கொன்ச்சா வளைகுடாவை ஒட்டியே பாதை போகும். வலப்புறம் வெள்ளைக் கம்பிவேலி, அதற்கப்பால் கடல், கடலுக்கு நடுவே சாந்தா கிளாரா தீவு. மிராமார் அரண்மனைத் தோட்டத்துக்குக் கீழே குடைந்த சுரங்கப்பாதை வழியாக மறுபக்கம் வந்தால் ஒந்தாரெத்தா கடற்கரை. அதன் கடைசியில், பாறைகள் மேல் எதுவார்தோ சில்யீதா 1970-களில் பொருத்திய மூன்று எஃகுச் சிற்பங்கள், 'காற்றின் சீப்பு'. கடைசிச் சில நூறு மீட்டர் நடப்பவர்களால் நிறைந்திருக்கும். இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே மரியாதை.

அந்த இடத்துக்குப் போகும் நேரத்தைக் கடல் தீர்மானிக்கட்டும். லூயிஸ் பேன்யா கஞ்செகி அமைத்த கல்தளத்தில் துளைகள் இருக்கின்றன. கடல் ஏற்றத்தின்போது அலை வலுவாக இருந்தால் கீழிருந்து காற்றும் நீரும் அவற்றின் வழியே சீறி மேலே வரும். வற்றத்தில் போனால் அந்தச் சீற்றம் கிடைக்காது. இந்தக் கரையில் பெரிய ஓதத்தின் ஏற்ற இறக்கம் 4 மீட்டரைத் தாண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் முற்பகலில் கடல் நன்றாக உள்வாங்கி, மாலையில் ஏறும். அன்றைக்குக் காலையில் விரிந்த மணல், மாலையில் சிற்பங்கள் என்று பிரித்துக்கொள்ளலாம். புயல் எச்சரிக்கை இருந்தால் உர்குல் குன்றைச் சுற்றும் கடலோரச் சாலையை மூடிவிடுவார்கள். தடுப்பைத் தாண்டிப் போகக் கூடாது, அங்கே சாலை மேலேயே அலை விழும்.

திரும்புவதற்கு வந்த வழியே வர வேண்டியதில்லை. ஒந்தாரெத்தாவிலிருந்து உள்ளே திரும்பி இபாயெத்தா பல்கலைக்கழகப் பகுதிக்குப் போனால், ஒரு காலத்தில் ரயில் ஓடிய மோர்லான்ஸ் சுரங்கம் வரும். 2009-இல் சைக்கிளுக்காகத் திறந்தார்கள். ஏறக்குறைய 850 மீட்டர், நல்ல வெளிச்சம், கேமரா கண்காணிப்பு. கடற்கரையைப் புகைப்படம் எடுக்கிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். சைக்கிளை இந்த நகரம் எவ்வளவு மதிக்கிறது என்று பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது. மறுபக்கம் அமாரா, பிறகு ஆற்றங்கரை, அங்கிருந்து புறப்பட்ட இடம்.

பழைய நகரத்துக்குள் சைக்கிள் வேண்டாம். தெருக்கள் குறுகல், சாப்பாட்டு நேரத்தில் தோளோடு தோள் இடிக்கும் கூட்டம். புல்வார் சாலைப் பக்கம் இருக்கும் நிறுத்தத்தில், சட்டகத்தையும் பின்சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டிவிட்டு நடந்து போங்கள்.

பின்ச்சோ என்பது இரண்டு மூன்று வாயில் முடியும் சிறு உணவு. பெரிய தட்டில் மேசை மேல் இருப்பதையெல்லாம் அடுக்கிக்கொண்டு ஒரே கடையில் உட்கார்ந்துவிடுவதுதான் புதிதாக வருகிறவர்கள் செய்யும் பெரிய தவறு. மேசை மேல் பரப்பியிருப்பவை ஆறிய வகைகள். பன்னிரண்டரைக்குப் புதிதாக இருக்கும் ரொட்டி, மூன்று மணிக்கு மயோனைஸ் ஊறித் தொய்ந்துவிடும். சூடானவை கரும்பலகையில் எழுதியிருக்கும், கேட்டால்தான் செய்து தருவார்கள். கடைக்கு ஒன்றோ இரண்டோ, கூடவே 'சுரிதோ' எனும் சிறு கோப்பை பீர் அல்லது உயரத்திலிருந்து ஊற்றும் சாக்கோலி வெள்ளை ஒயின், பிறகு அடுத்த கடை. பல இடங்களில் எத்தனை சாப்பிட்டீர்கள் என்று கடைசியில் நீங்கள் சொல்லித்தான் கணக்கு. அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுங்கள்.

முதலில் ஹில்தா. ஒரு குச்சியில் கொட்டை நீக்கிய ஆலிவ், உப்பில் பதப்படுத்திய நெத்திலி, இபார்ரா ஊரின் காரமில்லாத ஊறுகாய் மிளகாய். ஒவ்வொன்றாக உருவித் தின்றால் உப்பும் புளிப்பும் தனித்தனியாக நிற்கும். முழுதும் ஒரே வாயில் போனால்தான் நெத்திலியின் எண்ணெய் வினிகரை அடக்கும். குளிர்பெட்டியிலிருந்து நேராக வந்த நெத்திலி மெழுகு போல் இறுகியிருக்கும். அப்படி இருந்தால் ஐந்து நிமிடம் பொறுங்கள்.

சூடானதில் என் தேர்வு பில்-பில் முறையில் செய்த கொகோச்சா, அதாவது ஹேக் மீனின் தாடைக்குக் கீழ் இருக்கும் சதை. இதில் மாவோ பாலோ சேர்ப்பதில்லை. பூண்டு வதக்கிய ஆலிவ் எண்ணெயை மிதமான சூட்டுக்கு ஆறவிட்டு, மீனைப் போட்டுச் சட்டியை வட்டமாக ஆட்டிக்கொண்டே இருப்பார்கள். மீனிலிருந்து இறங்கும் பசை எண்ணெயோடு கூடிக் கெட்டியான குழம்பாகும். சூடு ஏறிவிட்டால் மோர்க்குழம்பு திரிவது போல் எண்ணெய் தனியே பிரிந்துவிடும். தட்டின் ஓரத்தில் எண்ணெய் வளையம் தெரிந்தால் அன்றைக்கு அங்கே சட்டி சரியாக ஆடவில்லை என்று பொருள்.

சான் ஹெரோனிமோ தெருவில் கன்பாரா கடையின் காளான் வறுவலும் முட்டை மஞ்சள் கருவும் விலை கூடியவை, ஆனால் தகும். நெஸ்தோர் கடையில் உருளைக்கிழங்கு முட்டை அடை மதியம் ஒன்று, இரவு ஒன்று என இரண்டே வேளை. ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்ப் பெயர் கொடுக்க வேண்டும். ஆகஸ்ட் 31 தெரு, 1813-இல் அந்தத் தேதியில் நகரம் எரிந்தபோது தப்பிய வீடுகளின் தெரு. அங்குள்ள லா வின்யா கடையில் மேல்பகுதி கருகிய சீஸ் கேக். கடைசியாகச் சாப்பிட வேண்டியது அதுதான்.

சைவர்களுக்கு: 'இறைச்சி இல்லை' என்று சொன்னால் போதாது, சூரை மீனையும் பன்றித்தொடைத் துண்டுகளையும் இங்கே பலர் இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. பொரித்த உருண்டையான கிரோக்கெத்தாவில் பன்றி இருக்க வாய்ப்பு அதிகம். கெர்னிகா பச்சை மிளகாய் வறுவல், காளான் ஆகியவற்றைக் கேளுங்கள். முட்டை உண்பவர்களுக்கு அந்த அடையும் உண்டு.

ஆற்றுக்கு அப்பால் குரோஸ் பகுதியில் கூட்டம் குறைவு. 1928-இல் தொடங்கிய பொதெகா தோனோஸ்தியார்ரா கடையில், சூரை மீனும் நெத்திலியும் ஆலிவும் மிளகாயும் சேர்ந்த பின்ச்சோவுக்கு 'இந்துராயின்' என்று பெயர். டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை ஐந்து முறை வென்ற மிகேல் இந்துராயினின் பெயர்.

ஜனவரி நடுவிலிருந்து ஏப்ரல் வரை வந்தால் ஒரு நாளை ஆப்பிள் மதுவுக்கு ஒதுக்குங்கள். உருமேயாவை ஒட்டி லொயோலா, மார்துதெனே வழியாகச் சுமார் 7 கி.மீ. போனால் ஆப்பிள் மதுக்கூடங்கள் நிறைந்த அஸ்திகார்ராகா. 'சோச்!' என்று குரல் கேட்டதும் எல்லோரும் எழுந்து பெரும் பீப்பாய் முன் வரிசையில் நிற்பார்கள். கண்ணாடிக் கோப்பையைச் சாய்த்து, பீறிடும் மது உட்சுவரில் மோதும்படி பிடித்து, இரண்டு விரல் அளவு மட்டும் வாங்கி உடனே குடித்துவிட வேண்டும். நிறைய பிடித்தால் நுரை அடங்கி ருசி செத்துவிடும். சாப்பாடு மாறாத வரிசை: உப்பிட்ட காட் மீன் சேர்த்த முட்டை அடை, மிளகாயோடு காட் மீன், தீயில் வாட்டிய மாட்டுத்துண்டம், கடைசியில் செம்மறி ஆட்டுப்பாலில் செய்த இதியாசாபல் சீஸ், சீமைமாதுளைப் பாகு, வால்நட்.

ஆப்பிள் மதுவில் ஆல்கஹால் சுமார் 6 சதவீதம், கோப்பைகளுக்குக் கணக்கு கிடையாது. ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் என்ற வரம்பு ஸ்பெயினில் சைக்கிளுக்கும் பொருந்தும், காவலர்கள் ஊதச் சொல்வார்கள். எனவே பக்கத்து எர்னானி வரை வண்டியைத் தள்ளிக்கொண்டு போய், செர்கானியாஸ் ரயிலில் ஏற்றிவிடுங்கள். நெரிசல் இல்லாத நேரத்தில் சைக்கிளை ஏற்றுவதற்குத் தடையில்லை. பெட்டியின் கதவருகே ஹேண்டில்பாரைத் திருப்பி நிறுத்தி, கையால் பிடித்துக்கொண்டே வர வேண்டும்.